காஞ்சிக்கும் கடல் உண்டு!

காஞ்சிபுரம் என்றதும் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். அடுத்தபடி கோயில் கோபுரம். கடல் யாருக்கும் நினைவுக்கு வராது. காஞ்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் போனால்தான் மாமல்லபுரத்துக் கடற்கரை.

ஆனாலும், காஞ்சி கடல் வாயிலில் உள்ள பட்டினம் என்று சீன நூல் ஒன்று சொல்லுகிறது! அங்கே கப்பல் ஏறினால் மூன்று நாளில் இலங்கை போய்ச் சேரலாமாம். சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறுதான் அந்த நூல்.

இதில் வியப்பில்லை. பல்லவர் காலத்தில் காஞ்சி தலைநகரம். மாமல்லை அதன் கடல் வாசல். கல்விக்கு ஓர் ஊர், கப்பலுக்கு ஓர் ஊர். இரண்டும் சேர்ந்தே வாழ்ந்தன.

குருவின் குரு பிறந்த ஊர்

யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது கி.பி. 640-ஐ ஒட்டி. நாளந்தாவில் அவருக்குப் பாடம் சொன்னவர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர். அந்தத் தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி! அவர் அமைச்சர் வீட்டுப் பிள்ளை. அரசகுமாரியை மணம் முடிக்க ஏற்பாடு ஆயிற்று. அவரோ துறவியாகிவிட்டார் என்று யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். பிறகு அவர் நாளந்தாவுக்கே தலைவரானார்.

யுவான் சுவாங் இலங்கைக்குப் போக நினைத்திருந்தார். அதற்குள் இலங்கையிலிருந்து சுமார் 300 பிக்குகள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே அரசன் இறந்துவிட்டான். நாட்டில் பஞ்சமும் கலகமும். நிலைமையைக் கேட்ட யுவான் சுவாங் பயணத்தைக் கைவிட்டார். தமக்கு இருந்த சந்தேகங்களை அந்தப் பிக்குகளிடமே கேட்டார்.

துறைமுகத்தோடு சேர்ந்த கல்வி ஊரின் குணம் இதுதான். படிக்க வருகிறவரும், வியாபாரத்துக்கு வருகிறவரும், பிழைக்க வழி தேடி வருகிறவரும் ஒரே தெருவில் நடப்பார்கள்.

ஏட்டை வைத்தான், வாளை எடுத்தான்

காஞ்சியில் ‘கடிகை’ என்ற பெரிய கல்விச்சாலை இருந்தது. 4-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குருவோடு அங்கே படிக்க வந்தான். ஊரில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு சண்டை மூண்டது. அவமானம் தாங்காத மயூரசர்மன் ஏட்டை விட்டு வாளை எடுத்தான். கதம்ப அரசை நிறுவினான். இந்தக் கதையைத் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது.

காஞ்சிக்கும் மாமல்லைக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? காஞ்சியில் கைலாசநாதர் கோயிலையும், மாமல்லையில் கடற்கரைக் கோயிலையும் பாருங்கள். இரண்டையும் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். காலம் கி.பி. 700-ஐ ஒட்டியது. கடிகையைத் திரும்ப நிலைநிறுத்தியவனும் அவனே.

இன்னும் இரண்டு ஊர்கள்

இதே சாயல் சோழ நாட்டுக் கரையிலும் உண்டு. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்த ஊர் சிதம்பரம். அருகே உள்ள பழைய துறைமுகமான பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தெற்கே தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் கோட்டை கட்டினார்கள். 1706-இல் கப்பலில் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது.

கப்பல் போனது, கல்வி நின்றது

மாமல்லைக்கு இன்று வணிகக் கப்பல் வருவதில்லை. ஆனால் உளிச் சத்தம் ஓயவில்லை. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பப் பள்ளி இன்று கல்லூரி. கல்லில் கோடு போடுவதிலிருந்து கோயில் கட்டுவது வரை அங்கே பாடம் நடக்கிறது.

காஞ்சித் தறியின் கதை வேறு. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் இணைத்து நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நாடா கொடுக்க ஒரு துணையாள் வேண்டும். வீட்டில் உள்ளவர்களே துணையாக இருந்து தொழிலைக் கற்றார்கள். இப்போது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கற்க ஆள் இல்லாத தொழில் எத்தனை நாள் நிற்கும்?

காஞ்சிக்குப் போகிறவர்கள் கடையில் சேலை வாங்கியதோடு திரும்ப வேண்டாம். அனுமதி கேட்டு, ஒரு தறியின் அருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். மறுநாள் செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லைக்குப் போங்கள். யுவான் சுவாங்கின் வரலாறு சொன்ன காஞ்சியை அப்போதுதான் முழுவதும் பார்த்ததாக ஆகும்.