மூலம் என்று முடிவுகட்டும் முன்

மலத்தோடு ரத்தம் போனால் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு, “உடம்புச் சூடு, மூலமா இருக்கும்.” துத்திக் கீரையும் கருணைக்கிழங்கு மசியலும் சாப்பாட்டில் சேரும். பல நேரம் அது மூலம்தான். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டலாம். ரத்தத்தைப் பார்த்து மட்டும் இதுதான் என்று சொல்லிவிட முடியாது.

பெரியகுளத்துக்கும் பெருமாள்மலைக்கும் நடுவே மலைச்சரிவில் இருக்கிறது அடுக்கம் கிராமம். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் தள்ளிப்போடுகிறார்கள். எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று தெரிய, பெருங்குடலைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

பெருங்குடலின் நீளம் சுமார் 1.5 மீட்டர். அடிவயிற்றின் வலப்புறம் தொடங்கி, மேலேறி, குறுக்கே போய், இடப்புறம் இறங்குகிறது. சிறுகுடலிலிருந்து தினமும் வந்து சேரும் ஒரு லிட்டருக்கும் அதிகமான நீரில் பெரும்பகுதியை இது உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சுவது குறைந்தால் வயிற்றுப்போக்கு. கழிவு தங்கி இறுகினால் மலச்சிக்கல். அசுத்தமான தண்ணீரில் வரும் அமீபா சுவரைப் புண்ணாக்கினால் சீதபேதி.

மலைவாழையிலும் அவரையிலும் உள்ள நாரை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய உணவு. நார் குறைந்த உணவுக்கும் குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று 1971-ல் எழுதியவர், உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட்.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ‘பாலிப்’ என்ற சிறு சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. மழை விட்டதும் பட்ட மரத்தில் முளைக்கும் காளான்போல, சில பாலிப்கள் காம்போடு நிற்கும். பொதுவாக வலி இருக்காது. பலவும் தீங்கற்றவை. சில மட்டுமே புற்றாக மாறும். அதற்கும் பெரும்பாலும் பத்தாண்டு அளவுக்கு ஆகும்.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்தத்தான் கொலனோஸ்கோபி. பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக்கியபின், கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்துவார்கள். பாலிப் தென்பட்டால் மெல்லிய கம்பிச் சுருக்கைக் காம்பில் மாட்டி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தெடுப்பார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

கீரையும் மலைவாழையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத மெலிவு, ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் வந்திருந்தாலும், மருத்துவரைப் பாருங்கள். போனால் போகட்டும், ஒரு நாள் கூலி.