முதுமைக்கு ஒரு முதல் (9): கிடங்கும் ரசீதும்

சென்ற வாரம் பிராவிடெண்ட் பண்டைப் பற்றி எழுதியபோது, 2015 ஆகஸ்டு முதல் அதன் புதிய வரவில் ஒரு பகுதி, சந்தையில் பங்கைப் போலவே கைமாறும் பண்டாகிய இ.டி.எஃப். யூனிட்டுகளில் போடப்பட்டு வருகிறது என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன். ஆகவே, மாதச் சம்பளக்காரர்களில் பலர் தம்மை அறியாமலே இந்தச் சரக்கில் பங்காளிகளாக இருக்கிறார்கள். அறிந்தே பங்காளியாகி, ஓய்வுக்காலத்து ஜீவனம் முழுவதையும் அதைக் கொண்டே நடத்த முடியுமா என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

இதன் பூர்வோத்தரம் ஓர் எண்ணெய் வியாபாரத்தில் இருக்கிறது. பௌதிகம் படித்து, தாவர எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பல காலம் உழைத்து, பின்னர் நியூயார்க்கில் அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்த நேதன் மோஸ்ட் என்பவர், எண்ணெய்ப் பீப்பாய்கள் ஒரே கிடங்கில் அசையாமல் கிடக்க, அவற்றுக்குரிய கிடங்கு ரசீது மட்டும் பத்துப் பேர் கைமாறி வரும் விந்தையை நெடுநாள் கண்டு பழகியவர். 1987 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்து, பெரிய முதலீட்டாளர்கள் சந்தை முழுவதையும் ஒரே மூட்டையாக வாங்கி விற்க வழியுண்டா என்று தேடத் தொடங்கியபோது, அந்தப் பழைய ரசீது அவர் நினைவுக்கு வந்தது. ஐந்நூறு கம்பெனிகளின் பங்குகளை ஒரு டிரஸ்டில் பூட்டி வைப்பது, அதற்கு ரசீது எழுதுவது, அந்த ரசீதைச் சந்தையில் விடுவது: இவ்வளவுதான் யோசனை. 1993 ஜனவரி 29-ஆம் தேதி அது வியாபாரத்துக்கு வந்தபோது மோஸ்ட் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பென்ஷன் வாங்கும் வயதில் இவர் மற்றவர்களின் பென்ஷனுக்கு வழி செய்தார்!

அந்த டிரஸ்டின் ஆயுளைப் பற்றி ஒரு ரசமான செய்தி உண்டு. டிரஸ்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு முடிவும் இருக்க வேண்டும் என்று அதன் சாசனம் எழுதியவர்கள் கருதியதால், 1990-க்கும் 1993-க்கும் இடையே பிறந்த பதினொரு குழந்தைகளைப் பெயர் சொல்லிக் குறித்து, அவர்களில் கடைசியாக எஞ்சுபவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆனதும், அல்லது 2118 ஜனவரி 22-ஆம் தேதி, எது முந்தி வருகிறதோ அப்போது, டிரஸ்டு கலைய வேண்டும் என்று விதித்துவிட்டார்கள்.

மோஸ்ட் தம் யோசனையை முதலில் எடுத்துச் சென்றது, 1976-லேயே சாமானிய ஜனங்களுக்காக இண்டெக்ஸ் பண்டைத் தொடங்கிய ஜான் போகிலிடம். போகில் மறுத்துவிட்டார். வாங்கி வைத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய பொருளைக் காலையில் வாங்கி மாலையில் விற்கும் பொருளாக்குவது அவருக்குச் சம்மதமில்லை. மோஸ்டின் சாமர்த்தியத்தை நான் வியக்கிறேன். ஆனால் ஓய்வு பெற்றவர் விஷயத்தில் போகில் பக்கமே என் அபிப்பிராயம் சாய்கிறது.

நம் நாட்டுக்கு இச்சரக்கு 2002 ஜனவரியில் நிஃப்டி பீஸ் என்ற பெயரில் வந்தது. அடுத்த ஆண்டு ரொக்கத்துக்கு ஈடாக லிக்விட் பீஸ், 2007-ல் தங்கத்துக்கு கோல்டு பீஸ், 2019 டிசம்பரில் பொதுத்துறைக் கடன்பத்திரங்களுக்குப் பாரத் பாண்டு என்று, ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அங்கங்கள் யாவும் படிப்படியாகச் சேர்ந்துவிட்டன.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் முதலைப் பத்துக் கூறாக்கி, நான்கை நிஃப்டியிலும், ஒன்றைத் தங்கத்திலும், மீதி ஐந்தை லிக்விட் பண்டிலும், 2030 முதல் 2033 வரை ஆண்டுக்கு ஒன்றாக முதிரும் பாரத் பாண்டுகளிலும் வைத்திருக்கிறார். இதைச் சாஸ்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் செய்த பங்கீட்டில் நான் மெச்சுவது, இரண்டு வருஷத்துக் குடும்பச் செலவைத் தனியே லிக்விட்டில் ஒதுக்கியதைத்தான். 2008 ஜனவரியில் 6,300-ஐத் தாண்டிய நிஃப்டி அதே ஆண்டு அக்டோபரில் 2,600-க்கும் கீழே இறங்கியது. அந்த ஜனவரியில் ஓய்வு பெற்று, மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் கொடுப்பதற்காகப் பங்கு யூனிட்டுகளை மாதந்தோறும் விற்றுக்கொண்டிருந்தவரின் முதலில், பின்னால் சந்தை ஏறியபோது ஏறுவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஓய்வு பெறும்போதுள்ள முதலில் நான்கு சதவீதத்தை, விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டு, ஆண்டுதோறும் எடுத்துச் செலவிடலாம் என்று 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்கர் சொன்ன கணக்கைப் பலர் வேதவாக்காக ஓதுகிறார்கள். அது அமெரிக்கச் சந்தையின் சரித்திரத்தையும் அந்நாட்டு விலைவாசியையும் கொண்டு போட்ட கணக்கு. அதை நம் வீட்டு வரவு செலவில் அப்படியே ஒட்ட எனக்குத் துணிவில்லை.

கிடங்கைப் பற்றி இன்னும் ஒரு ஜாக்கிரதை. ரசீதின் விலை சரக்கின் விலையைவிட ஏறினால், பெரிய வியாபாரிகள் புதுச் சரக்கைக் கிடங்கில் சேர்த்து, புது ரசீது பெற்றுச் சந்தையில் விற்பார்கள். இறங்கினால் ரசீதை மலிவாக வாங்கிக் கொடுத்துச் சரக்கை மீட்பார்கள். இரண்டு விலையும் ஒன்றோடொன்று ஒட்டி நடப்பது இதனால்தான். கிடங்கின் கதவு மூடினால்? அந்நிய நாட்டுப் பங்குகளில் நம் மியூச்சுவல் பண்டுகள் அனைத்தும் சேர்ந்து போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் என்று உச்சவரம்பு உண்டு. அதன் காரணமாகப் புது யூனிட் உண்டாக்க வழியற்றுப்போய், அமெரிக்கப் பங்குகளைக் கொண்ட சில யூனிட்டுகள் தம் நிகர சொத்து மதிப்பைக் காட்டிலும் பத்து சதவீதத்துக்கும் மேலான விலையில் கைமாறின. நூறு ரூபாய்ச் சரக்குக்கு நூற்றுப் பத்து கொடுத்தவர்கள் உலகத்தையே வாங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள். வாங்குமுன் அன்றைய நிகர மதிப்பைப் பார்ப்பதும், 'மார்க்கெட் ஆர்டர்' போடாமல் விலை குறித்த 'லிமிட் ஆர்டர்' போடுவதும் இங்கே அத்தியாவசியம். வியாபாரம் மந்தமான யூனிட்டுகளில் இதை அலட்சியம் செய்தால் நஷ்டம் நிச்சயம்.

அசௌகரியம் ஒன்றையும் மறைக்கலாகாது. சாதாரண மியூச்சுவல் பண்டில், மாதம் இன்ன தொகை என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் அது தானே வங்கிக்கு வந்துவிடும். இ.டி.எஃப்.பில் டீமேட் கணக்கைத் திறந்து, சந்தை நேரத்தில், தம் கையாலேயே விற்றாக வேண்டும். திறந்தவருக்கு விலை தெரியும். விலை தெரிந்தால் மனம் சலனப்படும். சலனப்பட்ட மனம் செய்யும் காரியங்களைத்தான் போகில் அஞ்சினார். வரி விதியோ தனிக்கதை: பங்கு யூனிட்டுகளை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் வாங்கிய பாண்டு யூனிட்டுகளின் லாபத்துக்கோ அவரவர் வருமானப் படியில்.

தலைமையாசிரியர் வருஷத்துக்கு நான்கே நாட்கள் அந்தக் கணக்கைத் திறக்கிறார். தேதிகளைப் பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் குறித்திருக்கிறார். "நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், சார்?" என்று ஒரு நாள் கேட்டார். நாமினியாக மனைவியின் பெயர் எழுதியிருந்தது. ஆனால் நாமினிக்கு விற்கத் தெரியவில்லை. சென்ற ஜனவரியில் லிமிட் ஆர்டரை அந்த அம்மாளே போட்டார்கள். இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம்.