பழைய பார லாரிகளை மின்சாரத்தால் ஓட்டுதல்

மோட்டார் லாரியின் எஞ்சின் ஓய்ந்த பின்னும் அதன் சட்டமும் அச்சுகளும் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியவையாகவே இருப்பதுண்டு. இத்தகைய வண்டியை உடைத்து இரும்பு விலைக்கு விற்றுவிடாமல், டீசல் எஞ்சினைக் கழற்றி, அதனிடத்தில் மின்சார மோட்டாரையும் பாட்டரிகளையும் பொருத்தி ஓட்டும் முறை சில தேசங்களில் கையாளப்பட்டு வருகிறது. இம்முறை எங்கே பலிக்கும், எங்கே பலியாது என்பதை அறிய ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் செய்யப்பட்ட மாற்றம் ஒன்று நல்ல சான்றாகும்.

அத்தேசத்தில் பீல் என்னும் ஊருக்கு அருகே சிமெண்டுத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் மலைமேல் வெட்டப்பட்டுக் கீழே கொண்டுவரப்படுகிறது. இவ்வேலைக்கென்று, முன்பே உழைத்திருந்த கொமட்ஸு எச்.டி. 605-7 என்னும் பெரும் பாரவண்டி ஒன்றை வாங்கி மின்சார வண்டியாக மாற்றி, 2018-ஆம் ஆண்டில் வேலைக்கு விட்டார்கள். வெறும் வண்டியின் எடை 45 டன். ஏற்றும் பாரம் 65 டன். சக்கரம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் இருக்கும். பாட்டரி மட்டும் 4.5 டன் எடையுள்ளது. 600 யூனிட் மின்சாரத்தைக் கொள்ளும். அதன் பத்திரத்தைப் பற்றி எம்பா என்னும் அரசாங்க ஆராய்ச்சிச்சாலையின் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள்.

இவ்வண்டியின் விசேஷம் யாதெனில், அது வெறுமையாக மேலேறிப் பாரத்தோடு கீழிறங்குகிறது. இறங்கும்பொழுது மோட்டாரே டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தைத் தடுத்து, அச்சக்தியை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. டீசல் லாரியிலோ இச்சக்தி முழுதும் பிரேக்கில் சூடாகி வீணே போகிறது. முன்னாளில் கவலை ஏற்றத்தில் நீர் இறைத்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போதே சால் மேலே வரும். ஓட்டுபவனும் வடக்கயிற்றின்மேல் அமர்ந்து தன் எடையை அதற்குத் துணையாக்குவான். இறங்கும் பாரத்தைக் கொண்டு வேலை வாங்கும் யுக்தி இரண்டிற்கும் ஒன்றே.

கணக்கிட்டுப் பார்ப்போம். 45 டன் வண்டியை 100 மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சுமார் 12 யூனிட் சக்தி வேண்டும். 110 டன் எடை அதே உயரம் இறங்கும்பொழுது சுமார் 30 யூனிட் வெளிப்படும். சக்கரங்களின் உராய்விலும், மோட்டாரிலும், பாட்டரியிலும் பெரும்பங்கு கழிந்துபோனாலும் சிறிது மிஞ்சும். ஒரு நடைக்குச் சுமார் 10 யூனிட் மிஞ்சுமென்றும், நாள் ஒன்றுக்கு 20 நடை செல்லலாமென்றும் இதை அமைத்தவர்கள் முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தார்கள். இவ்வகை டீசல் வண்டி ஆண்டுக்கு 50,000 லிட்டருக்குக் குறையாமல் எண்ணெய் குடிக்கும் என்பதை நோக்க, இது சொற்ப ஆதாயமன்று.

இதைக் கண்டு எந்தப் பழைய லாரியையும் மாற்றிவிடலாம் என்று எண்ணுவது தவறு. பாரம் கீழிருந்து மேலே செல்லும் பாதையானால் கணக்கு தலைகீழாகிவிடும். சமதரையில் நிற்காமல் ஓடும் லாரிக்குத் திரும்பக் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. 65 டன் சுமக்கும் வண்டிக்கு 4.5 டன் பாட்டரி பெரிதல்ல. பத்து டன் லாரியிலோ அது ஏற்றும் சரக்கில் பாதியைத் தின்றுவிடும். சிறிய பாட்டரி வைத்தால் வண்டி தூரம் போகாது. ஆகவே, குறித்த பாதையில் குறுகிய தூரம் சென்று இரவில் தன் கொட்டகைக்கே திரும்பும் லாரிகளுக்கே இம்மாற்றம் ஏற்றது. தூரம் நிச்சயமில்லாத லாரிகளில் டீசல் எஞ்சினையும் வைத்துக்கொண்டு மோட்டாரைத் துணையாகச் சேர்ப்பதுண்டு. எண்ணெய் செலவு ஓரளவு குறையும். ஆனால் இரண்டு யந்திரங்களின் எடையையும் பழுதையும் தாங்கியாக வேண்டும்.

மலைப் பாதையில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. உச்சியிலேயே பாட்டரியை முழுதும் நிரப்பிவிட்டால், இறங்கும்போது வரும் மின்சாரத்திற்கு இடமிராது. நிறைந்த குதிரில் மேலும் நெல்லைக் கொட்டுவது போலாகும். அப்பொழுது பழைய பிரேக்கே முழுப் பாரத்தையும் தாங்க நேரும். ஆதலால் மேலே செல்லும் வண்டியின் பாட்டரியில் இடம் விட்டு வைத்தல் அவசியம். இந்த லிதியம் பாட்டரிகளை உறைபனிக் குளிரில், வெதுவெதுப்பாக்காமல் சார்ஜ் செய்தலும் ஆகாது.

வண்டியை மாற்றக் கருதுபவர் முதலில் சட்டத்தில் வெடிப்பும் துருவும் உள்ளனவா என்று பரிசோதிக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றினால், அதனால் ஓடிவந்த பிரேக் காற்று யந்திரமும் ஸ்டியரிங் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். அவற்றிற்குத் தனி மோட்டார்கள் வேண்டும். மதிப்புக் கேட்கும்போது பலர் இவற்றை விட்டுவிடுகிறார்கள். பாட்டரியை எங்கே வைப்பதென்பதையும் பார்க்க வேண்டும். ஒரே அச்சின்மேல் எடை குவிந்தால் டயர்கள் விரைவில் தேயும், வளைவுகளில் வண்டியும் சொன்னபடி கேளாது.