நேர்முகப் பரீட்சை: எமது கையில் இருப்பவை

தேற்றாத்தீவிலோ காத்தான்குடியிலோ ஒரு வீட்டுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்ததும் எழும் முதற்கேள்வி, "யாரைப் பிடிக்கலாம்?" என்பதாகும். சிபாரிசுக் கடிதங்களின் செல்வாக்கை இந்நாட்டு மக்கள் நன்கறிவர். ஆகையால் இக்கேள்வியை நாம் முற்றாகக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், பிரமுகர்களின் வாசலில் காத்திருந்து கழியும் நாட்களில் விண்ணப்பதாரி தாமாகவே செய்துகொள்ளக்கூடிய ஆயத்தம் கைநழுவிப் போகின்றது. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம்.

முதலில், அழைக்கப்பட்டிருப்பது எவ்வகை நேர்முகப் பரீட்சை என்பதை அறிதல் வேண்டும். அரசாங்க ஆட்சேர்ப்பில் இரு வகைகள் உண்டு. பொது நேர்முகப் பரீட்சையில் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. தகைமைகளும் ஆவணங்களும் மாத்திரமே பரிசீலிக்கப்படும். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையிலோ கல்வி, அனுபவம், மொழியறிவு போன்ற தலைப்புகளின் கீழ் புள்ளிகள் வழங்கப்படும். எவ்வகை என்பது பெரும்பாலும் வர்த்தமானி அறிவித்தலிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். விண்ணப்பத்தை அனுப்பியபின் அவ்வறிவித்தலை மீண்டும் வாசிப்போர் எம்மில் எத்தனை பேர்?

பொது நேர்முகப் பரீட்சையில் பேச்சு வன்மையிலும் பார்க்கக் கோவையின் ஒழுங்கே முக்கியமானது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்துகள், பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்துகள் மாத்திரம் என்பது தமிழ், முஸ்லிம் பெயர்களில் அடிக்கடி நேரும் சிக்கலாகும். அதற்கான சத்தியக் கடதாசியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். வதிவிடச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தரின் ஒப்பத்துடன் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்கப்படுவதுண்டு. தேற்றாத்தீவு மக்கள் அதற்காகக் களுவாஞ்சிகுடிக்குச் செல்ல வேண்டும். இதனைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுதல் ஆபத்தானது.

புள்ளிகள் வழங்கப்படும் நேர்முகப் பரீட்சைக்கு, பதவியின் கடமைகளையும் நிறுவனத்தின் பணிகளையும் அறிந்து செல்லுதல் அவசியம். விவசாயத் துறைப் பதவியொன்றுக்குச் செல்லும் எழுவான்கரை இளைஞர், தமது ஊர் மணல் நிலத்தில் விளையும் மரக்கறியையும் அயலூரான களுதாவளையின் வெற்றிலைச் செய்கையையும் பற்றி நான்கு வசனங்கள் தெளிவாகக் கூற முடியாவிடின், பட்டச் சான்றிதழ் மாத்திரம் அவருக்காகப் பேசாது.

கொழும்பில் காலையில் நேர்முகப் பரீட்சை எனின், இரவு முழுவதும் பஸ்ஸில் பயணம் செய்து நேரே மண்டபத்துக்குச் செல்வதிலும் முதல்நாளே சென்று தங்குதல் நன்று. ஆடை எளிமையாகவும் தூய்மையாகவும் இருத்தல் போதுமானது. சேலையோ அபாயாவோ அணிவதில் கூச்சப்பட ஏதுமில்லை. உள்ளே நுழைந்ததும் வணக்கம் கூறி, அமருமாறு சொல்லும்வரை நிற்பதும், கேள்வியை முழுமையாகக் கேட்டபின் பதிலளிப்பதும் சபை மரியாதையாகும். விளங்காத கேள்வியை மீண்டும் கூறுமாறு பணிவுடன் கேட்கலாம். தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொள்வது குறையன்று. தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே அடுத்த கேள்வியில் அகப்படும். முன்னர் பணியாற்றிய இடத்தைத் தூற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டியது.

மொழி குறித்தும் ஒரு வார்த்தை. அரசாங்க சேவையில் சேர்வதற்கான பரீட்சைகளுக்குத் தமிழில் தோற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வழங்குகின்றது. எனினும், நியமனத்தின் பின்னர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டியிருக்கும். இன்றே சிங்களம் கற்கத் தொடங்குபவர் நாளைய சுமையைக் குறைத்துக்கொள்கின்றார்.

அனைத்தையும் செய்தும் பெயர் பட்டியலில் இடம்பெறாமற் போகலாம். அப்போது சோர்ந்திருப்பதற்கும் தேநீர்க்கடையில் வசைபாடுவதற்கும் மேலாக ஒரு வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உரிய அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் தமக்குக் கிடைத்த புள்ளிகளைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். எங்கே குறைந்தோம் என்பதை அறிந்தவரே அடுத்த முறை அதனைத் திருத்திக்கொள்ள முடியும். அநீதி நேர்ந்திருப்பின் அதனைக் கேள்வி கேட்கவும் முடியும். ஒழுங்கான கோவையுடனும் தெளிந்த மனத்துடனும் செல்லும் பிள்ளைகளே எமது பிரதேசத்துக்குத் தேவை.