காரை மேட்டில் சுறாப் பல்

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டி மழை அரித்துப்போட்ட களிமண் மேடுகள் இருக்கின்றன. புல்லே அரிது. நடுநடுவே ஜிப்சம் துண்டுகள் வெயிலில் மின்னும். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் போகவேண்டும்.

10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மேடே கடலடி. அதற்குச் சாட்சி, இந்த மண்ணில் கிடைக்கும் சுறாப் பற்கள். சுறாவின் உடம்பு குருத்தெலும்பு, செத்தால் மக்கிவிடும். பல் மட்டும் கெட்டி. அதுவும் விழ விழ முளைக்கும். ஒரு சுறா ஆயிரக்கணக்கில் உதிர்க்கும்.

பல்லைப் பார்த்தால் சாப்பாடு தெரியும். ஊசிபோல் மெலிந்தது என்றால் வழுக்கும் மீனைக் கவ்விப் பிடித்தது. ரம்பம்போல் விளிம்பிருந்தால் சதையை அறுத்தது. காரையில் கிடைத்த டைகோடஸ் என்ற சுறாவின் பல்லோ அகலமானது. கொத்திய அம்மிபோல் முதுகெல்லாம் வரிவரியாக இருக்கும். சிப்பி ஓட்டை நொறுக்கத்தான் அது. ஆக, அடியில் சிப்பி, மேலே மீன், இரண்டையும் தின்னச் சுறா என்று ஒரு கடலே கண்முன் விரிகிறது. இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவும் இங்கே நீந்தியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் கண்ணில் பட்ட புதைபடிவங்களைத்தான் பொறுக்கினார்கள். கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரிப் பக்கம் சேகரித்த மீன் எச்சங்களை 1845இல் தொல்லுயிரியலாளர் எகர்டன் லண்டனில் விவரித்தார். 1862இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு காரைப் பகுதிப் பாறைகளை வகைப்படுத்தி, அடிப்பகுதிக்கு ஊட்டத்தூர் என்று பக்கத்து ஊரின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

இப்போது வேலை நுணுக்கம். களிமண்ணை ஊறவைத்துக் கரைத்து, சன்னச் சல்லடையில் சலித்து, மிஞ்சியதை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கடுகளவு பல்லும் தப்பாது. பல்லிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்து அன்றைய நீரின் வெப்பத்தைக் கணிக்கும் முறையும் வந்துவிட்டது.

மாறாதது ஒன்று: கிடைத்ததைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத பல் வெறும் அலங்காரப் பொருள். அது எந்தக் காலத்துக் கடல் என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காரைக்குப் போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல்லை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.