மூன்கேக் வரையப் போகிறீர்களா?

சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமி நெருங்கினால் கடைகளில் மூன்கேக் பெட்டிகள் அடுக்கப்படும். கல்வி நிலையங்களில் சுவரொட்டிப் போட்டிகளும் வரும். 2026இல் அந்தப் பௌர்ணமி செப்டம்பர் 25ஆம் தேதி.

நம் மாணவர்கள் பலர் வரைவது ஒரே படம்தான்: ஒரு பழுப்பு வட்டம், நடுவில் நான்கைந்து கிறுக்கல்கள். அந்த இடத்தில் இருப்பது அலங்காரமன்று, எழுத்து. பெரும்பாலும் உள்ளே வைத்த பூரணத்தின் பெயரோ கடையின் பெயரோ இருக்கும். விளம்பரப் பலகையில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனத் தமிழ் உடைந்து கிடந்தால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! சீன நண்பருக்கும் அப்படித்தானே இருக்கும்?

‘நிலவு’ என்ற எழுத்தையாவது பழகலாம். நான்கே கோடுகள். முதலில் இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒரு கோடு. அடியில் சற்று இடப்புறம் வளையும். அடுத்து, அதே உச்சியில் தொடங்கி வலப்பக்கம் சென்று, கையை எடுக்காமல் கீழிறங்கி, உள்நோக்கி ஒரு சிறு கொக்கி. பிறகு உள்ளே இரண்டு குறுக்குக் கோடுகள். இந்த எழுத்து நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். நம்முடைய ‘திங்கள்’ போலவே!

இந்த எழுத்து மர அச்சிலிருந்து பதிவது. அச்சில் அதை இடவலம் மாற்றிச் செதுக்கியிருப்பார்கள். பூரணம் வைத்த மாவை அதில் அழுத்தி, அச்சைக் கவிழ்த்து மேசையில் தட்டினால் நேர் எழுத்தோடு விழும். எனவே அச்சையும் மூன்கேக்கையும் சேர்த்து வரைபவர்கள் கவனமாக இருக்கவேண்டும்.

ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல் வரைந்தால் படத்துக்கு உயிர் வரும். தாமரை விதை விழுதின் நடுவே தெரியும் உப்பு வாத்து முட்டையின் மஞ்சள் கருதான் முழுநிலவு. (சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் உண்டு, சாப்பிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.) வெட்டுவதும் வழக்கத்தின் பகுதியே. வட்டம் குடும்பம் ஒன்றுகூடுவதைக் குறிப்பதால், வீட்டார் அனைவரும் துண்டுபோட்டுத் தேநீரோடு பகிர்ந்துண்பார்கள்.

இதுவரை சொன்னது கண்டோனீஸ் வகை. பத்து காவானில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் கரும்பு பயிரிட்ட சீனர்களில் தியோச்சியூ மக்கள் முக்கியமானவர்கள். தென் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்களும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். தியோச்சியூ மூன்கேக்கில் அச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. இருவகை மாவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டி, குறுக்கே வெட்டித் தேய்ப்பதால் மேலே நத்தை ஓடு போன்ற சுருள் வரும். உள்ளே கெலாடி விழுது.

என் கண்ணுக்கு இதுதான் அழகு. உச்சியிலிருந்து பென்சிலை எடுக்காமல் சுற்றி வாருங்கள். கோடுகள் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை, அடுக்குகள் அப்படித்தான் உதிரும். ஊதா நிறத்தை மட்டும் அள்ளிப் பூசாதீர்கள். கெலாடி விழுதின் சொந்த நிறம் சாம்பல் கலந்த வெளிர் ஊதா. கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் சாயம்.