கப்பலெண்ணெயும் பழவேற்காட்டு முகத்துவாரமும்

நம் கல்லூரி மாணாக்கருட் பலர் ஒல்லாந்தர் கல்லறைகளைக் காணுதற்பொருட்டே பழவேற்காட்டுக்குச் சென்று மீள்வர். 1613இல் அவ்வொல்லாந்தர் எழுப்பிய கோட்டை இன்று புதர் மண்டிய மண்மேடு. ஆயின் அவ்வூரின் உயிர் கல்லறையிலுமில்லை, கோட்டையிலுமில்லை. ஏரி கடலொடு கூடும் முகத்துவாரத்திலுள்ளது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாம் பெரிய உவர்நீரேரி இதுவே. இறாற்குஞ்சுகள் கடலிற் பிறந்து, இவ்வாயில் வழியே ஏரியுட் புகுந்து வளர்ந்து, பின்னர்க் கடலுக்கே மீளுகின்றன. கோடையில் மணல் இவ்வாயிலைத் தூர்க்கும். வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் திறக்கும். இதனையடுத்து வலைகட்டும் இடங்களைக் குப்பத்தார் 'பாடு' என்னும் முறையாற் பங்கிட்டுக்கொள்ளுகின்றனர். சீட்டெடுத்து, இன்னார்க்கு இன்ன இடம், இன்ன நாள் என வரையறுப்பர். தம் நாள் தவறினார் அடுத்த முறை வருமளவும் காத்திருத்தல் வேண்டும். ஆதலின் அவ்வாயிலில் எண்ணெய் சின்னாள் நிற்பினும், எவர் முறை பாழாயிற்றோ அவர் வீட்டில் அடுப்பெரிவது அரிதாம்.

இஃது வெறுங் கற்பனையன்று. 2017ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் விடியற்போதில், பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தின் புறத்தே, எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்னுங் கப்பலும், எண்ணெய்ப் பொருள்கள் ஏற்றி உட்புகுந்த 'டான் காஞ்சிபுரம்' என்னுங் கப்பலும் மோதின. ஒழுகியது, கப்பலின் பொறியை இயக்கும் கனத்த எரியெண்ணெய். முதலிற் கசிவே இல்லையென்றனர். பின்னர்ச் சில டன் என்றனர். ஈற்றில் ஏறக்குறைய 200 டன் எனக் கணக்காயிற்று. எண்ணெயினும் இவ்வெண்ணிக்கையே விரைந்து பரவியது போலும்!

கனத்த எண்ணெய் மண்ணெண்ணெய் போல விரைவில் ஆவியாய்ப் போவதன்று. அலைகள் அதனைக் கடலொடு கலந்து கடைய, நீரை உட்கொண்டு மூன்று நான்கு மடங்காகப் பெருகிக் கருங்களியாய்த் திரளும். இக்காரணத்தாலேயே உறிஞ்சும் பொறிகள் எர்ணாவூர்க் கரையிற் பெரும்பயன் தந்தில. கடலோரக் காவற்படையினரும் மீனவரும் மாணாக்கரும் கற்களின் இடுக்கிலிறங்கி வாளிகொண்டு முகந்தனர். அதனை நகைத்தோர் பலர். கற்கரையிற் களியாய்த் திரண்டதனைக் கையால் முகத்தல் பிறநாடுகளிலும் உள்ள வழக்கமேயாம். குறை வாளியிலன்று, முதல் நாட்களிற் கடலிலேயே அதனை வளைத்துக் கட்டாமையிலாம். திரட்டிய கசட்டுடன் எண்ணெயுண்ணும் நுண்ணுயிர்களைக் கலந்து பக்குவஞ் செய்தனர்.

அவ்வெண்ணெயின் பெரும்பகுதி தெற்கே மெரீனாவுக்கும் திருவான்மியூர்க்கும் சென்றது. பழவேற்காட்டைக் காத்தது எம்முயற்சியுமன்று, நீரோட்டமே. வடக்கிருந்து தெற்கோடும் நீரை மீனவர் 'வன்னி வெள்ளம்' என்பர். தெற்கிருந்து வடக்கோடுவதைத் 'தெண்டி வெள்ளம்' என்பர். சின்னாள் கழிந்து, தெண்டி ஓடுங்காலத்து அம்மோதல் நேர்ந்திருப்பின், இக்கட்டுரையை வேறுவகையாய் எழுத நேர்ந்திருக்கும்.

நிலவழியும் ஓர் இடருண்டு. 2023 திசம்பரில் மிக்சாம் புயல்வெள்ளத்தொடு மணலிப் பகுதியினின்று எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிற் பாய்ந்து, கொசத்தலையாற்றின் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய். அக்கால்வாயே வடக்கு நோக்கிப் பழவேற்காட்டேரியையும் தொடுகின்றது.

கப்பல் தரைதட்டுதலும் நம் கரைக்குப் புதிதன்று. 2012 அக்டோபர் 31இல் நீலம் புயலில் 'பிரதிபா காவேரி' பெசன்ட் நகர்க் கரையில் ஏறி நின்றது. உயிர்காப்புப் படகிலிறங்கிய மாலுமிகள் சிலர் மாண்டனர். பெருங்கசிவு மட்டும் நேர்ந்திலது. தமிழர் பலர் வாழும் மொரீசுத் தீவுக்கு அப்பேறும் வாய்க்கவில்லை. 2020 சூலை 25இல் ஆங்குப் பவளப்பாறையில் ஏறிய 'வகாசியோ' என்னும் சரக்குக் கப்பல், ஆகத்து 6 முதல் ஏறக்குறைய 1000 டன் எண்ணெயைக் கக்கியது. தீவினர் கருப்பந்தோகையைத் துணியிற் பொதிந்து தைத்து, மிதவைத் தடுப்புகளாக்கிக் கடலில் மிதக்கவிட்டனர்.

ஏரிக்கு இத்தடுப்பே தலையாயது. எண்ணெய் சேற்றிற் படிந்தபின் அதனை மிதித்துத் துடைக்கப் புகின் அஃது இன்னும் ஆழ்ந்து இறங்கும். வேதிப்பொருள் தூவின், ஆழமற்ற நீரில் இறாற்குஞ்சுகள் மடியும். ஆயின் நீரோட்டம் மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டரை மிஞ்சுமாயின், குறுக்கே நேராகக் கட்டிய தடுப்பின் கீழ் எண்ணெய் நழுவிவிடும். சாய்வாகக் கட்டி, ஓட்டந் தணிந்த ஓரத்திற்கு அதனை ஒதுக்குதல் வேண்டும்.

கடந்த விடுமுறையில் உடன்பயிலும் நண்பருடன் அவரது குப்பத்துக்குச் சென்றிருந்தபோது, நூலிற் கற்ற இவற்றையெல்லாம் அவர் தந்தையார்க்கு யான் விரித்துரைத்தேன். அவர் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டே கேட்டிருந்து, "எல்லாம் சரி தம்பி, உங்க தடுப்பை அமாவாசையில கட்டுவீங்களா, அட்டமியில கட்டுவீங்களா? ஏத்தத்திலயா, வத்தத்திலயா?" என்றார். யான் விடையறியாது நின்றேன். அவர் வலையைக் கீழே வைத்து, குச்சியொன்றால் மணலில் முகத்துவாரத்தை வரைந்து, எந்நாளில் எப்பக்கம் நீர் வலிந்தோடும் என எனக்குக் காட்டத் தொடங்கினார்.